நத்தைக்கு ஒரு நட்சத்திரம்

2025 ஜூன் 16 அன்று சிகாகோ நகரத்தின் லிரிக் ஓபரா அரங்கில் வேட்டி கட்டிய ஒருவர் மேடையேறினார். அமெரிக்கச் சமையல் உலகம் ஆஸ்கார் மாதிரி மதிக்கிற ஜேம்ஸ் பியர்ட் விருது விழா அது. நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞர் என்று அறிவிக்கப்பட்ட விஜய் குமார், நத்தம் வட்டாரத்துக்காரர். அவர் சமைக்கும் உணவகத்தின் பெயர் ‘செம்ம’. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 2021 அக்டோபரில் திறந்தார்கள். மறு வருஷமே மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. ஜேம்ஸ் பியர்ட் விருது வந்த அதே 2025 ஜூனில், நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட அந்நகரின் 100 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடமும் செம்மவுக்குத்தான்.

மேடையில் அவர் பேசியது ரொம்பக் கொஞ்சம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கறுத்த பையன் இப்படியொரு அரங்குக்குள் வருவான் என்று சமைக்கத் தொடங்கிய காலத்தில் நினைத்ததில்லை என்றார். ஏழை சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்றெல்லாம் தனித்தனியாக எதுவும் இல்லை, சாப்பாடு சாப்பாடுதான் என்றார். அந்தக் காணொளி எங்கள் ஊர் வாட்ஸப் குழுக்கள்வரை வந்து சேர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான்.

ஆனால் அவர் சொன்ன அந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏழை சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்பது அமெரிக்க அரங்குக்குப் புரியும் பிரிவினை. நம்மிடம் அதைவிடப் பழைய பிரிவினை ஒன்று உண்டு. யார் சமைத்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது, எதைத் தின்றேன் என்று வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது அது. செம்மவின் பட்டியலில் பேர்வாங்கிய உணவு நத்தைப் பிரட்டல். அந்த நத்தை வயலிலிருந்து மிஷலின் கையேட்டுக்குப் போன வழியைப் புரிந்துகொள்ள, தமிழர்கள் வீட்டுக்கு வெளியே காசு கொடுத்துச் சாப்பிட ஆரம்பித்த கதையைத் தொட்டாக வேண்டும்.

*

முதலில் அந்த நட்சத்திரம். அதைக் கொடுப்பது ஒரு டயர் கம்பெனி என்பது தெரிந்த செய்திதான். பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் ஊரைச் சேர்ந்த மிஷலின் சகோதரர்கள் ஆந்த்ரேயும் எதுவாரும் 1900-இல் ஒரு சிவப்புக் கையேட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது பிரான்சில் இருந்த கார்கள் மொத்தமே சில ஆயிரம். காரை எங்கே பழுதுபார்க்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம் என்ற விவரங்களே அதில் இருந்தன. ஜனங்கள் நிறைய ஊர்சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புதுசு வாங்குவார்கள். எளிய வியாபாரக் கணக்கு. 1926-இல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1931-இல் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகளாகப் பிரிந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் அந்த வகையில் நல்ல கடை. இரண்டு என்றால் போகிற வழியை விட்டுச் சற்றுத் திரும்பிப் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம்.

ஆக மிஷலின் என்பது அடிப்படையில் ஒரு சாலைக் கையேடு. எங்கள் ஊர் வாசுதேவநல்லூர் திருமங்கலம் – கொல்லம் சாலையில் இருக்கிறது. இன்றைக்கு அதற்கு தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர். ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மேற்குத்தொடர்ச்சி மலையை ஒட்டியே போய், மலை தாண்டிக் கேரளத்தில் இறங்கும் சாலை. கேரளத்துக்குக் காய்கறியும் வைக்கோலும் கொண்டுபோகும் லாரிகள், சபரிமலை மாலை போட்டவர்கள், குற்றாலச் சீசனுக்குப் போகிறவர்கள் என்று வருஷம் முழுக்க வண்டி ஓடும். எந்தக் கடையில் புரோட்டாவுக்குச் சால்னா கெட்டியாக இருக்கும், எங்கே நாட்டுக்கோழி உண்மையிலேயே நாட்டுக்கோழி, சங்கரன்கோவில் பிரியாணிக்காக எந்த இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் இந்தச் சாலையின் டிரைவர்களுக்கு மனப்பாடம். பிரானூர் பார்டரில் கோழி தின்பதற்கென்றே மதுரையிலிருந்து கிளம்பி வருகிறவர்கள் உண்டு. மிஷலின் விதிப்படி பார்த்தால் அது மூன்று நட்சத்திரத்துக்கான காரியம்! அச்சடித்த புத்தகம் மட்டும்தான் இல்லை.

புத்தகம் இல்லை என்பது சின்ன விஷயமும் இல்லை. எழுதிவைக்கப்பட்ட ருசிக்கு மதிப்பு கூடுகிறது, வாய்வழியாகப் போகும் ருசி அந்த வழியிலேயே நின்றுவிடுகிறது. மிஷலின் கையேடு இந்தியாவுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே இந்தியச் சமையலுக்கு அந்த நட்சத்திரம் கிடைத்ததெல்லாம் வெளியூரில்தான். 2001-இல் லண்டனில் வினீத் பாட்டியாவும் அதுல் கோச்சரும் முதலில் பெற்றார்கள். 2025-இல் துபாயின் டிரெசிண்ட் ஸ்டுடியோ மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் இந்திய உணவகமானது.

*

சோற்றை விலைக்கு விற்பது நம் ஊரில் நெடுங்காலம் கௌரவமான தொழிலாகக் கருதப்படவில்லை. அன்ன விக்கிரயம் பாவம் என்று சாஸ்திரம் பேசியவர்கள் சொன்னார்கள். வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது, சாவடி இருந்தது, கோயில் மடைப்பள்ளி இருந்தது. அங்கே சோறு இனாம். ஆனால் எந்தச் சத்திரத்தில் யாருக்குச் சோறு, யாருக்குத் திண்ணை, யாருக்குத் தெரு என்பதைச் சாதி தீர்மானித்தது. மறுபக்கம், சந்தையில் தின்பண்டம் விற்பது நமக்குப் புதிதும் இல்லை. மதுரைக்காஞ்சியின் இரவுக் கடைத்தெருவில் மோதகம் விற்பவர்களும் அப்பம் சுடும் கூவியரும் வருகிறார்கள். பலகாரம் விற்கலாம், சோறு விற்பதுதான் உறுத்தல். அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. பலகாரம் கையில் வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே தின்பது. சோறு அப்படியல்ல. உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பக்கத்தில் ஒருவன் இருப்பான்.

பிரிட்டிஷ் காலத்தில் ரயிலும் கச்சேரியும் பள்ளிக்கூடமும் மனிதர்களை ஊர்விட்டு ஊர் இழுத்தபோது இந்தச் சிக்கல் நேருக்கு நேர் வந்து நின்றது. வெளியூருக்கு வேலைக்கு வந்தவன் எங்கே சாப்பிடுவான்? காபி கிளப்புகள் முளைத்தன. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் இந்தக் காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நவீன வாழ்க்கையின் அடையாளமாகக் காபி வந்தது, ஆனால் அதைக் குடிக்கும் இடத்தில் பழைய கோடு அப்படியே இருந்தது. ‘பிராமணாள் காபி ஹோட்டல்’ என்று பலகை வைத்தார்கள். பல கடைகளில் பிராமணர்களுக்கு உள்ளே தனி இடம், மற்றவர்களுக்கு வெளியே வேறு இடம். பட்டியல் சாதியினருக்கு எந்த இடமும் இல்லை. அரசாங்க ரயில் நிலையத்துச் சாப்பாட்டு அறைகளில்கூடப் பிராமணர்களுக்கும் இதரர்களுக்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியும் நடத்திய நெடிய எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் அது எடுக்கப்பட்டது.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை வாசித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். சமத்துவம் என்ற பெரிய சொல்லுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தவர்கள் அங்கே மிகச் சாதாரண இடங்களைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள். பிறகு கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள். சாதி, மதம், பால், பிறந்த இடம் முதலியவற்றின் பேரில் இந்த இடங்களில் எவரையும் தடுக்கக் கூடாது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் ஹோட்டல் வருகிறது! இட்லி தின்ன உட்காரும் பெஞ்சு அரசியல் சாசனத்தில் இடம்பெற வேண்டிய நிலையில்தான் நம் சமூகம் 1950-இல் இருந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, உணவகத்தில் அனுமதி மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆனது. 1976-இல் அது குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.

சட்டம் வந்த பிறகும் பலகை போகவில்லை. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் முன்னால் திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: பெயர்ப்பலகையில் இருக்கும் ‘பிராமணாள்’ என்ற சொல் போக வேண்டும். மறியல் மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்று இன்றைக்கு ஒருவர் கேட்கலாம். பலகையில் ஒருவரை உயர்த்தி எழுதுவதே வாசலில் நிற்கும் மற்ற எல்லாரையும் தாழ்த்தி எழுதுவதுதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

அந்தச் சொல் போன இடத்தில் வேறு சொல் வந்து உட்கார்ந்தது. ‘உயர்தர சைவ உணவகம்.’ தமிழ்நாட்டின் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் இந்தப் பலகையைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ‘அசைவ உணவகம்’ இருக்கும். ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்றோ ‘பிரியாணி சென்டர்’ என்றோ இருக்கும். ‘உயர்தர’ என்ற அடைமொழி பெரும்பாலும் சைவத்தோடுதான் ஒட்டிக்கொள்ளும். கறி எவ்வளவு சுத்தமாகச் சமைத்தாலும் ‘உயர்தர அசைவம்’ என்று எழுதப் பெயிண்டருக்குக் கை வருவதில்லை. எழுதினாலும் படிக்கிறவன் நின்று இரண்டாம் தடவை படிப்பான்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் ‘டிஃபால்ட்’ என்று ஒன்றைச் சொல்வோம். பயனர் எதையும் தேர்ந்தெடுக்காத இடத்தில் தானாக வந்து நிற்பது. யாரும் கவனிக்காதது என்பதால்தான் அதற்கு அவ்வளவு பலம். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மீனும் கறியும் முட்டையும் தின்பவர்கள். ஆனால் நம் மொழியின் டிஃபால்ட் சைவம். மற்றதெல்லாம் ‘அ’ போட்ட சைவம், இல்லாமையால் பெயர்பெற்றது. வீட்டில் தின்பது சோறு, ஹோட்டலில் கேட்பது சாதம், இன்னும் பெரிய ஹோட்டலில் ரைஸ். ஒரே அரிசி, விலை ஏற ஏறப் பெயர் மாறுகிறது.

சைவ ஹோட்டல் வரலாற்றில் பெருமைப்பட நிறைய இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உடுப்பிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, எடுபிடி வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் 1938-இல் சென்னையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். அவர்கள் உருவாக்கிய வேகமும் சுத்தமும் ஒரே மாதிரியான ருசியும் இட்லி தோசையை உலகத்துக்குக் கொண்டுபோயின. அதற்கு இணையாக இன்னொரு சங்கிலி ஓடியது. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பியவர்கள் தமிழ்நாடெங்கும் முனியாண்டி விலாஸ் திறந்தார்கள். வருஷத்துக்கொரு முறை அந்தக் கடைக்காரர்கள் ஊர்திரும்பி முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டிப் பிரியாணி சமைப்பார்கள். அங்கே பிரசாதமே பிரியாணிதான். முன்னதன் கதை இங்கிலீஷில் புத்தகங்களாகவும் நினைவுக் கட்டுரைகளாகவும் நிறையக் கிடைக்கிறது. பின்னது இப்போதுதான் பத்திரிகைகளில் ஒரு வேடிக்கைச் செய்தியாக வர ஆரம்பித்திருக்கிறது. இரண்டுமே தமிழ்நாட்டின் பசியை ஆற்றியவை. ஒன்றுக்கு மட்டும் ‘உயர்தரம்’ என்ற பட்டம்.

*

நட்சத்திர ஹோட்டல்களுக்குள் நம் சாப்பாடு நுழைந்தது ரொம்பத் தாமதமாக. சென்னையின் பெரிய ஹோட்டல்களில் நெடுங்காலம் காண்டினென்டல், சைனீஸ், மொகலாய் இவைதான் மரியாதைக்குரிய சாப்பாடு. தென்னிந்தியச் சாப்பாடு என்றால் காபி ஷாப்பில் காலை டிபன். 1989-இல் பார்க் ஷெரட்டனில் ‘தக்‌ஷிண்’ திறந்தபோது இது மாறியது. தென்னிந்திய வீட்டுச் சமையலைத் தேடிச் சேகரித்த பிரவீண் ஆனந்த் அதன் முகமானார். வெள்ளித் தட்டில் வட்டமாக நறுக்கிய வாழையிலை வைத்துப் பரிமாறினார்கள். அந்தப் படிமத்தை யோசித்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. இலை மட்டும் போதாது, இலைக்கு அடியில் வெள்ளி வேண்டும். நம் சாப்பாடு பெரிய மனிதர்களின் மேசைக்குப் போக ஒரு பிடிமானம் தேவைப்பட்டது.

2017-இல் சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் ‘ஆவர்த்தனா’ வந்தது. அங்கே வெள்ளியும் இல்லை, இலையும் இல்லை. ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று அளவு வைத்துச் சின்னச் சின்னத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காபி வடிக்கும் கண்ணாடிக் குடுவையில் தக்காளி ரசத்தை வாசனை ஏற்றி, மது ஊற்றும் கோப்பையில் தெளிவாக ஊற்றுவார்கள். இந்த ரசம் பெரும் புகழ்பெற்றது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் ஆவர்த்தனா 2024-இல் 44-வது இடத்துக்கும் 2025-இல் 30-வது இடத்துக்கும் வந்தது. சென்னையில் ஒரு கடை உலகத் தரப் பட்டியலில் ஏறியது உண்மையான சாதனை. அந்த அடுக்களையின் நுணுக்கத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரிந்த சொல். ‘செம்ம’ என்பது கல்லூரி வாசலில் புழங்கும் சொல். செம்மை என்ற பழைய சொல்தான், ஆனால் தெருவில் நடந்து நடந்து தேய்ந்து, ‘செம்ம படம்டா’ ஆகியிருக்கிறது. சென்னையில் உலகத் தரத்துக்குப் போகத் தமிழ்ச் சமையல் சபா வழியாகப் போனது. நியூயார்க்கில் தெரு வழியாகப் போனது. இது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னையில் பெரிய ஹோட்டலில் காசு கொடுக்கும் ஆளுக்கு எது கேவலம், எது கௌரவம் என்று ஏற்கெனவே தெரியும். நியூயார்க்காரனுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அவனுக்கு இட்லியும் நத்தையும் ஒரே தூரத்தில் இருக்கின்றன.

வெளிநாட்டில் இந்தியச் சாப்பாட்டின் கதையும் ஒரு தென்னாட்டுப் பெயரோடு சம்பந்தப்பட்டதுதான். லண்டன் ரீஜண்ட் தெருவில் 1926-இல் எட்வர்ட் பால்மர் திறந்த ‘வீராசாமி’ இன்றைக்குப் பிரிட்டனில் இருக்கும் மிகப் பழைய இந்திய உணவகம். 2016-இல் அதற்கும் நட்சத்திரம் கிடைத்தது. பால்மர் ஹைதராபாத் நிஜாமோடு தொடர்புடைய ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் வாரிசு. பெயர்தான் வீராசாமி, கடை சாம்ராஜ்யத்தின் நினைவுகளுக்காக நடந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மேற்கில் இந்தியச் சாப்பாடு என்றால் நானும் பட்டர் சிக்கனும்தான். தெற்கிலிருந்து போனது தோசை மட்டும். கொல்கத்தாக்காரரான ரோனி மஜும்தாரும் மும்பைக்காரரான சிந்தன் பாண்டியாவும் சேர்ந்து நடத்தும் நிறுவனம், தமிழரான விஜய் குமாரிடம் நீ வளர்ந்த சாப்பாட்டையே போடு என்று அடுக்களையைக் கொடுத்தது அந்தப் பின்னணியில்தான். குடல் வறுவல், ஆட்டுக்கறிச் சுக்கா, இறால் தொக்கு, திண்டுக்கல் பிரியாணி, நத்தை. வெள்ளைக்காரன் நாக்குக்காக எதையும் மட்டுப்படுத்துவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள்.

விஜய் குமார் பொறியியல் படிக்க விரும்பியவர். வீட்டில் கட்டணம் கட்ட முடியாததால் சமையற்கலை படிக்கப் போனார். பள்ளிக்கூடத்தில் நத்தை தின்பதைச் சிநேகிதர்களிடம் சொல்லக் கூச்சப்பட்டதாகவும், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பெரிய விலைக்கு விற்பதைத் தெரிந்துகொண்டதாகவும் சொல்லியிருக்கிறார். வங்கிக் கடனில் பொறியியல் படித்து முடித்த எனக்கு அவர் கதையில் முதல் பகுதியைவிட இந்த இரண்டாம் பகுதிதான் நெருக்கமாக இருக்கிறது.

*

எங்கள் பக்கம் நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பருவம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் குளங்களில் நிறைந்து வயலுக்குப் பாயும். நாற்று நடவும் களை பறிக்கவும் போகிற பெண்கள் வரப்போரத்தில் கிடைக்கும் நத்தையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்தால் மண்ணையெல்லாம் கக்கிவிடும். மறுநாள் கொதிநீரில் போட்டு, ஊசியாலோ கருவேல முள்ளாலோ சதையை உருவி எடுத்து, குடலை நீக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு வழுவழுப்புப் போகும்வரை பிசைந்து பிசைந்து கழுவ வேண்டும். பிறகு சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், நல்லெண்ணெய். பர்கண்டியில் பிரெஞ்சுக்காரர்கள் செய்வதும் ஏறத்தாழ இதேதான். அவர்களும் நத்தையைப் பட்டினி போட்டு வயிற்றைச் சுத்தம் செய்கிறார்கள். மிளகுக்குப் பதில் பூண்டு, நல்லெண்ணெய்க்குப் பதில் வெண்ணெய்.

அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “எல்லா வீட்டுலயும் தின்னதுதான். ஆனா நத்தைன்னு சொல்ல மாட்டாக. மருந்துன்னுதான் சொல்லுவாக,” என்றாள்.

“என்ன மருந்து?”

“மூலத்துக்கு நல்லதுல்லா. யாராவது வாசல்ல வந்து என்ன கொழம்பு மணக்குன்னு கேட்டா, அவுகளுக்கு மூலம், மருந்து வைக்கேன்னு சொல்லணும். எங்க ஆத்தா அப்படித்தான் சொல்லிக் குடுத்திச்சு.”

மூலம் இல்லாத வீட்டிலும் மூலம் என்று சொன்னார்கள். இதைவிட மேல் என்று தங்களை நினைத்துக்கொண்ட வீடுகளுக்கும் அது மருந்தாகத்தான் போனது. வயலில் வேலை செய்யும் பெண்ணிடம் காசு கொடுத்து வாங்கி, கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்து, பழைய சட்டியில் சமைப்பார்கள். ருசி என்று ஒப்புக்கொண்டால் கூலிக்காரர்களின் ருசியை ஒப்புக்கொண்டதாகிவிடும். நோய் என்று சொன்னால் பிரச்சினை இல்லை. சாப்பாட்டை ஒளித்துவைப்பதற்கு நோயைக் காரணம் காட்ட வேண்டியிருந்தது என்றால், சாப்பாட்டின் மேல் எவ்வளவு பெரிய அவமானம் சுமத்தப்பட்டிருந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நத்தை மட்டுமல்ல, வயல் நண்டு, குடல், தலைக்கறி, ரத்தப் பொரியல் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். கூலி வாங்கியவர்களுக்குப் புரதம் கிடைத்த வழி இதுதான். ஆட்டின் தொடை யாருக்கோ போனபோது குடல் இவர்களுக்கு வந்தது. அந்தக் குடலைக் கழுவி வறுக்கும் கைத்திறமை தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கையில் வளர்ந்தது. ஹோட்டலுக்கு வந்ததும் ஆண் கைக்கு மாறி ‘மாஸ்டர்’ ஆனது.

இன்றைக்கு எங்கள் வயல்களில் நத்தை பொறுக்குவது அபூர்வம். மருந்து அடித்த வயலில் வருவது எதையும் தின்னப் பயமாக இருக்கிறது என்கிறாள் அம்மா. நெல் போட்ட இடத்தில் பாதி எலுமிச்சையும் தென்னையும் ஆகிவிட்டது. அவமானம் போவதற்குள் அந்தச் சாப்பாடே போய்க்கொண்டிருக்கிறது. நியூயார்க்கில் நட்சத்திரம் வாங்கியதைக் கேட்டு, எங்கள் ஊரில் யாராவது ஆசையாக நத்தை சமைக்க நினைத்தாலும் நத்தைக்கு எங்கே போவது?

*

விருதுகள் வேலை செய்யும் விதம் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. காசுள்ளவர்களின் ஊரில், காசுள்ளவர்கள் மேசையில், ஏழைகளின் பண்டம் ஏறினால் அதனால் ஏழைக்கு என்ன? செம்மவில் ஒரு வேளை சாப்பிட ஆகும் பணத்தில் வாசுதேவநல்லூரில் ஒரு குடும்பம் பல நாள் சாப்பிடலாம். நத்தைக்குக் கௌரவம் கிடைத்தது, நத்தை பொறுக்கியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனாலும் நான் அந்த நட்சத்திரத்தை அலட்சியப்படுத்தத் தயாரில்லை. அவமானம் என்பது காசு விஷயம் மட்டுமல்ல. அது சொல் விஷயமும்தான். ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எடுக்க மாதக்கணக்கில் மறியல் நடந்த ஊர் இது. ‘மருந்து’ என்று மாறுவேஷம் போட்டிருந்த நத்தை, நியூயார்க்கின் அச்சடித்த பட்டியலில் ‘நத்தைப் பிரட்டல்’ என்று தமிழ்ப் பெயரோடேயே நிற்கிறது. பிரெஞ்சுப் பெயர் போட்டிருந்தால் விற்பது இன்னும் சுலபமாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையன், சக மாணவன் கேட்டால் நாங்கள் நத்தை தின்போம் என்று இனிமேல் கொஞ்சம் தைரியமாகச் சொல்ல முடியும். விருதால் ஆகக்கூடியது அவ்வளவுதான். அது கொஞ்சம் இல்லை.

ஆகாதது எது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில், மிட்டாய் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டிக்கடைக்காரர், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குத் தின்பண்டம் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார். அதை அவர்களே காணொளியாக எடுத்துப் பரப்பினார்கள். கைதுகள் நடந்தன, கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தக் காணொளியில் பிள்ளைகளில் ஒருவன் கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்கிறான். அவனுக்குத் தெரியவில்லை. ‘கடைகள், பொது உணவகங்கள்’ என்று அரசமைப்புச் சட்டம் எழுதி 72 வருஷம் கழித்து, கையில் காசு வைத்துக்கொண்டு, கடை வாசலில் நிற்கிறான்.

செம்ம நட்சத்திரம் பெற்றது அதற்கு அடுத்த மாதம், 2022 அக்டோபரில். இரண்டு செய்தியையும் ஒரே போனில்தான் பார்த்தோம். முதல் செய்தி வந்தபோது எங்கள் ஊர்க் குழுக்கள் பலவற்றில் சத்தமே இல்லை. விருதுச் செய்திகள் வந்தபோதெல்லாம் தமிழன்டா என்று ஒரே ஆரவாரம். கடைக்காரர் விற்க மறுத்தது ஒன்றிரண்டு ரூபாய் மிட்டாயை, நியூயார்க்கில் பரிமாறுவது பல டாலர் நத்தையை. ஆனால் இரண்டிலும் இருக்கும் கேள்வி ஒன்றுதான். யாருக்கு யார் சாப்பாடு தருவது, எந்த முகத்தோடு தருவது?

மிஷலினின் ஆய்வாளர்கள் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வந்து சாப்பிடுவார்கள். வந்திருப்பது யார் என்று தெரிந்தால் உபசாரம் மாறிவிடும், அதனால்தான் அந்த ஏற்பாடு. யார் என்றே தெரியாத ஒருவனுக்கு ஒரு கடை எப்படிச் சோறு போடுகிறது என்பதுதான் அவர்களுடைய சோதனை. எங்கள் நெடுஞ்சாலையில் நல்ல சால்னாவுக்கும் நல்ல பிரியாணிக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஊருக்குள் இருக்கும் கடைகளில் வருகிறவன் யார், எந்தத் தெரு, யார் மகன் என்பது அவன் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்காரருக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு அந்தச் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது.